முட்டைக்கு வழி உண்டு, டிரைவருக்கு இல்லை

என்மேல் கோழிப்பண்ணை மருந்தை அடித்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வருஷம் ஐந்தாறு ஓடிவிட்டது. கொரோனா வந்தது, போனது, திரும்ப வந்தது, போனது. அன்றைக்கு மூக்கில் மாட்டிய மாஸ்க் இன்றைக்கு என் லாரியில் கண்ணாடி துடைக்கிற துணியாகக் கிடக்கிறது. ஊரில் அந்தப் பேச்சை எடுத்தால் "அதெல்லாம் எந்தக் காலம்" என்று எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கு மட்டும் அந்த நாற்றம் மூக்கை விட்டுப் போகவில்லை. அவர் முதலில் லாரியின் டயருக்கு அடித்தார். டயருக்கு அடித்து மிச்சம் இருந்ததைத்தான் எனக்கு அடித்தார். மருந்தைக்கூட மறந்துவிடலாம். அந்த வரிசைதான் இன்னும் எரிகிறது.

போகட்டும். ஓர் ஆளைத் திட்டுவதற்காக இதை எழுத உட்காரவில்லை. ஓர் ஆள் என்றால் நேரில் போய்த் திட்டிவிட்டு வந்துவிடலாம். இது ஓர் இனம். நாமக்கல் பக்கம் மட்டும் வளர்கிற இனமும் அல்ல. உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார், உங்கள் சொந்தத்தில் ஒருவர் இருப்பார், அடுக்குமாடி வீடு என்றால் மாடிக்கு ஒருவர் இருப்பார். நான் இந்த இனத்துக்கு வைத்திருக்கிற பெயர் வழியடைப்பார். படித்தவர்கள் வேறு பெயர் வைத்திருக்கலாம். ஆள் அதே ஆள்தான்.

அடையாளம் சொல்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் வழியடைப்பார் நல்ல மனிதர். கல்யாண வீட்டில் பந்தியில் நின்று "இங்க ரசம் வரலை" என்று சத்தம் போடுவார், எழவு வீட்டில் பந்தல்காரனை விரட்டுவார், தேர் இழுக்கும்போது கூட்டத்தைத் தள்ளிக் கயிறு பிடிப்பார், அந்தக் கயிற்றுக்கு எப்போதும் உள்பக்கமாகத்தான் நிற்பார். அவருக்குள் இருக்கிற இனம் வெளியே வர ஓர் ஆபத்து வேண்டும். ஆபத்து வந்ததும் நமக்கெல்லாம் முகம் கறுக்கும். அவருக்கு முகம் மலரும்.

எங்கள் ஊர் வழியடைப்பார் மயில்சாமி அண்ணன். ஜேடர்பாளையம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒற்றைத் தார்ச்சாலைதான் எங்கள் ஊருக்கு வழி. ஊருக்குள் கடைசியில் அவருடைய கோழிப்பண்ணை. நான் அவர் பண்ணை முட்டையைக் கேரளாவுக்கு அப்போது ஏற்றிக்கொண்டு போன லாரி டிரைவர். என் பெயர் கந்தவேல். எங்கள் அப்பன் காலத்தில் தறி நெய்தோம். நான் ஸ்டியரிங் பிடித்தேன். ஊருக்குள் நுழைந்ததும் மூன்றாவது வீடு என்னுடையது.

ஊரடங்கு என்று டிவியில் சொன்ன மறுநாள் காலையில் அண்ணன் ஊர் முகப்பில் சீமைக்கருவேல முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டார். முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். நாற்காலியில் அவரைப் போட்டார். கழுத்தில் விசில். மூக்குக்குக் கீழே மாஸ்க். ஊரே அவரைச் சுற்றித் தோளோடு தோள் நின்று கேட்டுக்கொண்டிருக்க, "ஒருத்தர ஒருத்தர் தொடாம, தள்ளித் தள்ளி நிக்கோணும்" என்று அரை மணி நேரம் பேசினார். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை என்று கிட்டே வரச் சொன்னார்.

இதற்கு மேல் அவர் செய்ததுதான் வேறு ஊர் வழியடைப்பார்களுக்கு வராத கைவண்ணம். கோழிக்குச் சீக்கு வந்தால் பண்ணைக்காரர் என்ன செய்வார்? பண்ணைக் கதவைச் சாத்துவார். வாசலில் சின்னத் தொட்டி கட்டி மருந்துத் தண்ணீர் ஊற்றி, அதில் காலை நனைக்காமல் யாரையும் உள்ளே விடமாட்டார். வருகிற வண்டிக்கெல்லாம் ஸ்பிரேயரில் மருந்து அடிப்பார். வாடி நிற்கிற கோழியைத் தனிக் கொட்டகையில் பிரித்துப் போடுவார். அண்ணனுக்குத் தெரிந்த ஒரே சீக்கு கோழிச் சீக்கு. ஆகவே ஊரைப் பண்ணையாக்கினார். ஊர் முகப்பில் கால் நனைக்கிற தொட்டி வந்தது. பொம்பளைகள் சேலையைத் தூக்கிக்கொண்டு அதில் இறங்கி ஏறினார்கள். எல்லார் செருப்பும் வெளுத்துப்போனது. ஊர் நாய் ஒன்று தாகத்துக்கு அதைக் குடித்துவிட்டு ஒருநாள் முழுக்கத் தள்ளாடியது. பண்ணையில் இதற்கு அடுத்து என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். மொத்தமாகப் புதைக்கக் குழி வெட்டுவார்கள். ஆகவே பேசாமல் இருந்தேன்.

அவர் மகள் பெங்களூரிலிருந்து கூரியரில் அனுப்பிய காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி ஒன்று அவர் கையில் இருந்தது. அதை நெற்றிக்கு நேராக நீட்டும்போது அவர் ஒரு கண்ணை மூடிக்கொள்வார். விடிகாலையில் வந்தவனுக்கெல்லாம் அது நல்ல உடம்பு என்று காட்டியது. மத்தியானத்தில் தோட்டத்திலிருந்து வெயிலில் நடந்து வந்தவனுக்கெல்லாம் காய்ச்சல் என்று காட்டியது. அதனால் மத்தியானம் வந்தவர்கள் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து, நெற்றி ஆறியதும் திரும்ப வரிசைக்கு வரவேண்டும். ஒருநாள் அவர் நாற்காலியின் கையைக் குறிபார்த்தார். நாற்காலிக்குக் காய்ச்சல்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அந்த நேரத்தில் முட்டையில் கொரோனா வருகிறது, கோழியில் வருகிறது என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். அண்ணன் கொதித்துப்போயிருந்தார். "எவன்டா சொன்னது? கண்ணுல பாத்தானா? அத்தாட்சி இருக்குதா? வாயில வந்ததச் சொல்லிக் குடும்பத்தக் கெடுக்கறானுங்க" என்று போகிற வருகிற ஆளிடமெல்லாம் நியாயம் கேட்டார். நியாயம்தான். நானும் தலையாட்டினேன். உள்ளூரில் முட்டையைச் சீண்ட ஆளில்லை. கேரளாவுக்குத்தான் போயாக வேண்டும். அத்தியாவசியப் பொருள் என்று வண்டிக்குத் தடையில்லை. ஏற்றிக்கொண்டு போனேன். அங்கே குடோன்காரர் என்னை வண்டியை விட்டு இறங்கவே விடவில்லை; தமிழ்நாட்டிலிருந்து வந்தவன், தள்ளி நில் என்றார். இறக்கிவிட்டு ராத்திரியெல்லாம் ஓட்டி விடியற்காலையில் ஊர் முகப்புக்கு வந்தால், முள்ளுக்கு அந்தப் பக்கம் அண்ணன்.

"நில்லு கந்தவேலு. அங்கியே நில்லு."

"ஏனுங்ணா, நான் இந்த ஊருதானுங்களே?"

"ஊரு இந்த ஊருதான். போயிட்டு வார ஊரு எது?"

"கேரளாவுங்க. உங்க முட்டையத்தானுங்க எறக்கிட்டு வாரேன்."

"அதத்தான் நானும் சொல்றேன். கேரளாவுல அது பரவிக் கெடக்குது."

"அப்ப முட்டை போகலாமுங்களா?"

அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "முட்டைக்கு மேல ஓடு இருக்குது. உனக்கு என்ன இருக்குது?"

சொல்லுங்கள், இதற்கு என்ன பதில் சொல்வது? நான் யோசித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் ஸ்பிரேயர் மோட்டார் ஓடியது, டயர் நனைந்தது, பிறகு நான் நனைந்தேன். சத்தம் கேட்டு மூன்றாவது வீட்டு வாசலுக்கு ஓடிவந்த என் பெண்டாட்டி நல்லம்மாள் அதைப் பார்த்தாள். தெருவே பார்த்தது. கண் எரிச்சலில் நான் மட்டும் யாரையும் பார்க்கவில்லை.

"கோவிச்சுக்காத. நான் எனக்காவா சொல்றேன்? ஊருக்காவச் சொல்றேன்." வழியடைப்பார்கள் எல்லாருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடம். ஊர் என்ற பெயரில் அவர்கள் எல்லாவற்றையும் செய்வார்கள். அந்த ஊரில் நாம் மட்டும் இருக்கமாட்டோம். "பதினாலு நாளு நம்ம மோட்டார் ரூம்புல இரு. சோறு தண்ணி உன் ஊட்டுல இருந்து கொண்டாந்து வெச்சிருவாங்க. பதினாலு நாளு முடிஞ்சா ராசாவாட்டம் உள்ள வந்துக்கோ."

மோட்டார் ரூம் முள்ளுக்கு வெளியே, அவர் தோட்டத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. சரி, பதினாலு நாள்தானே என்று போய்ப் படுத்தேன். மூன்றாம் நாள் பண்ணையிலிருந்து போன் வந்தது. முட்டை தேங்கிவிட்டது, லோடு ஏற்ற வேண்டும். முட்டையைச் சின்ன வண்டியில் முள்வரைக்கும் கொண்டுவந்து, அங்கே என் லாரிக்கு மாற்றினார்கள். போய் இறக்கிவிட்டு வந்தேன். அண்ணன் நாற்காலியில் இருந்தபடியே விரலை மடக்கினார். "இன்னையில இருந்து பதினாலு."

"மூணு நாளு முன்னமே கழிஞ்சுதுங்களே."

"அது பழைய ட்ரிப்புக்கு. இது புது ட்ரிப்பு."

கணக்குப் புரிகிறதா? முட்டை தினமும் விழும். வாரத்துக்கு இரண்டு லோடாவது போகும். ஒவ்வொரு லோடுக்கும் பதினாலு நாள் புதிதாகப் பிறக்கும். அண்ணன் பண்ணையில் கோழி முட்டையிடுகிற வரைக்கும் நான் வீட்டுக்குப் போக முடியாது. கோழியைப் பார்த்து "நிறுத்து" என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. லோடுக்கு வரமாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஊரில் மற்ற வேலையெல்லாம் செத்துக் கிடந்த நேரம்.

மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்தால் என் வீட்டு மொட்டைமாடி தெரியும். கொடியில் என் லுங்கி காயும். என் லுங்கி வீட்டில் இருந்தது, என் சட்டை வீட்டில் இருந்தது. நான் மட்டும் தனிக் கொட்டகையில் பிரித்துப் போட்ட கோழி. நல்லம்மாள் மத்தியானம் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து முள்ளுக்கு வெளியே ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். அவள் விலகி நிற்கிற தூரம் சரியா என்று அண்ணன் நாற்காலியிலிருந்து பார்ப்பார். "இன்னஞ் சித்தெ தள்ளி நில்லு நல்லம்மா" என்பார். கட்டின பெண்டாட்டியிடம் "உப்பு கம்மி" என்று சொல்வதற்குக்கூட நான் கத்தவேண்டியிருந்தது. கத்தியதும் தெருவுக்கே தெரிந்தது, நல்லம்மாள் குழம்பில் உப்பு கம்மி. மறுநாள் அவள் சோற்றை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

இந்தக் கட்டுப்பாடு எல்லாருக்கும் ஒன்றுதானே, என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்த ஆறுதல் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு கோழித் தீவனம் ஏற்றிய லாரி வந்தது. தீவன லாரி டிரைவர் எந்த ஊர் போய் வந்தவர் என்று யாரும் கேட்கவில்லை. கோழி பட்டினி கிடந்தால் தாங்குமா? முள் விலகியது. இன்னொரு நாள் திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டி முதலாளி அருணகிரி மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒயின்ஷாப்பெல்லாம் பூட்டிக் கிடந்த காலம். அருணகிரி கையில் ஒரு துணிப்பை இருந்தது, பைக்குள் கண்ணாடி உரசுகிற சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்து நின்று வரவேற்றார். அருணகிரிக்குத் துப்பாக்கி நீட்டவில்லை, தொட்டி காட்டவில்லை. "நம்ம ஒறம்பரை, சொந்தம்" என்றார்.

ஒருநாள் சுகாதார ஆய்வாளர் அம்மா ஜீப்பில் வந்து, "இப்படி ரோட்டை அடைக்கக் கூடாது, அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எப்படி வரும்? அந்த மருந்தை மனுசங்க மேல அடிக்கவே கூடாது" என்று சத்தம் போட்டார். அண்ணன் உடனே முள்ளை எடுக்கச் சொல்லி, ஸ்பிரேயரை நாற்காலிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அந்த அம்மாவுக்கு மோர் கொடுத்தார். "நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று நாலு தடவை சொன்னார். ஜீப் வளைவு திரும்புகிறவரை முள் ஓரத்தில் கிடந்தது. வழியடைப்பார்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். சட்டம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இனத்துக்கு இன்னொரு வாக்கியமும் உண்டு. யாராவது கெஞ்சும்போது அதை எடுத்து வீசுவார்கள். அண்ணனும் தினமும் வீசினார்.

"என்ற பொண்ணே வந்து நின்னாலும் இதே கதிதான்!"

பொண்ணு வந்து நின்றாள்.

சித்திரை வெயில், உச்சிப்பொழுது. கர்நாடகா நம்பர் போட்ட வெள்ளைக் கார் வந்து முள்ளுக்கு முன்னால் நின்றது. ஓட்டி வந்தது மருமகன் ஜெகதீஸ்வரன். பின்சீட்டிலிருந்து கிருத்திகா இறங்கினாள். நிறைமாதம் நெருங்கிய வயிறு, வீங்கிய கால். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைக் கட்டுச்சோற்று விருந்து வைத்து, சொந்தமெல்லாம் போய்த் தாய்வீட்டுக்கு அழைத்து வருவார்கள். ஊரடங்கில் விருந்தும் இல்லை, அழைக்கப் போக ஆளும் இல்லை. அவளே பாஸ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நான் அடுத்த லோடுக்காக லாரியை முள்ளுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அதன் நிழலில் தூக்குப்போசியோடு உட்கார்ந்திருந்தேன். நல்லம்மாள் வழக்கம்போலத் தள்ளி நின்றிருந்தாள். கார் சத்தம் கேட்டதும் தெருவில் மொட்டைமாடி ஒவ்வொன்றிலும் தலை முளைத்தது. எல்லார் காதிலும் அந்த "என்ற பொண்ணே வந்தாலும்" ஒலித்துக்கொண்டிருந்தது. அண்ணன் காதிலும்தான். நாற்காலியிலிருந்து எழுந்து, என்ன செய்வது என்று தெரியாமல் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, முள்ள எடுங்க."

"அம்மிணி... வாரேன்னு ஒரு போன் போட்டிருக்கலாமில்ல?"

"நேத்துப் போட்டனே. 'கெளம்பி வா கண்ணு, அப்பன் நான் இருக்கறேன்'னு சொன்னீங்களே!"

மாடியில் எவனோ சிரித்தான். அண்ணன் மேலே பார்த்து முறைத்தார். அதற்குள் அவர் மனைவி சென்னியம்மாள் ஆரத்தித் தட்டோடு தெருவில் வேகமாக வந்துகொண்டிருந்தார். வரும்போதே குரல் வந்துவிட்டது. "ஏனுங், ஊர்க்காவல் பாத்தது போதும். புள்ள வெயில்ல நிக்கறா, கண்ணு தெரியலீங்களா?"

அண்ணன் துப்பாக்கியை எடுத்தார். ஒரு கண்ணை மூடி மகள் நெற்றியைக் குறிபார்த்தார். ஏசி காரிலிருந்து இறங்கிய நெற்றி. நல்ல உடம்பு என்று காட்டியது. அந்த நம்பரை மாடிகளுக்கெல்லாம் தூக்கிக் காட்டினார். "பாத்துக்குங்க! ஒண்ணுமில்ல! அதுவுமில்லாம, மாசமா இருக்கறவளுக்கு ரூலு வேற."

"அது எப்பங்ணா போட்ட ரூலு?" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

"இப்பத்தான். என்ன இப்ப?"

"மாப்ளைக்குங்க?"

ஜெகதீஸ்வரன் பாவம், முகத்தில் பிளாஸ்டிக் கவசத்தோடு காருக்குப் பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஸ்பிரேயரைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். எந்த மாமனார் மருமகனுக்கு மருந்து அடிப்பார்? "அவரு பொண்ணோட சேத்தி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, முள்ளை எடுக்கக் குனிந்தார்.

அப்போதுதான் கிருத்திகா என்னைப் பார்த்தாள். காலேஜ் படிக்கும்போது ஹாஸ்டலுக்கு அவளையும் அவள் பெட்டியையும் கொண்டுபோய் விட்டுவந்தவன் நான்.

"கந்தவேலண்ணா ஏன் அங்க மண்ணுல உக்காந்து சோறு திங்கறாரு?"

நல்லம்மாள் பேசினாள். இத்தனை நாள் உப்பைப் பற்றிக்கூடப் பதில் பேசாதவள்.

"ட்ரிப்புக்குப் பதினாலு நாளுங்க அம்மிணி. ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது வந்துருது. ட்ரிப்பு நின்னாத்தான் இவரு ஊடு வருவாரு. முட்டை நின்னாத்தான் ட்ரிப்பு நிக்கும்."

"யாரு முட்டை?"

"உங்களுதுதானுங்க."

கிருத்திகா அப்பனைத் திரும்பிப் பார்த்தாள். தியாகி மாதிரியெல்லாம் இல்லை. கால் வலி, வெயில் எரிச்சல், சின்ன வயதிலிருந்தே அப்பனிடம் தோற்றுப் பழக்கமில்லாத பிள்ளை. காருக்குள் திரும்ப உட்கார்ந்து கதவைத் திறந்தே வைத்துக்கொண்டாள்.

"அண்ணனும் உள்ள வந்தாத்தான் நான் வருவேன். அவரு கேரளா போயிட்டு வந்தாரு, நான் பெங்களூர்ல இருந்து வாரேன். என்னத்துல வித்தியாசம்?"

"அம்மிணி, இந்தச் சோலி உனக்குப் புரியாது. ஊரு நல்லதுக்கு..."

"நானும் ஊருதானே."

"சரி, இந்த லோடு போயிட்டு வரட்டும். வந்ததும் உட்டர்றேன்."

"இப்ப."

"மருந்து அடிச்சுட்டு உடட்டுமா?"

"அடிங்க. மொதல்ல எனக்கு அடிங்க." கையை நீட்டினாள். "டயருக்கு அடிச்சுட்டு அடிப்பீங்களா, நேராவே அடிப்பீங்களா?"

அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஊரில் எது நடந்தாலும் பெங்களூருக்குப் போனில் போய்விடுகிறது. சென்னியம்மாள் ஆரத்தித் தட்டை நாற்காலியின் மேல் வைத்தார். "கந்தவேலு வரோணும், இல்லீன்னா நானும் புள்ளையோட பெங்களூரு போறேன். பண்ணையில முட்டை பொறுக்கறது, சமைக்கறது, எல்லாம் நீங்களே பாத்துக்குங்க." அந்தச் சொல்லுக்குத்தான் அண்ணன் மசிந்தார் என்று நான் நினைக்கிறேன். பண்ணையில் அவர் முட்டை பொறுக்கி யாரும் பார்த்ததில்லை.

முள் விலகியது. கார் போனது. தட்டோடு சென்னியம்மாள் போனார். நல்லம்மாள் போனாள். கடைசியில் தூக்குப்போசியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் போனேன். தொட்டியைத் தாண்டி உள்ளே கால் வைத்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரே ஓர் எட்டுத்தான், ஆனால் அந்த எட்டு வைத்ததும் ஊர் எவ்வளவு சின்னது, வீடு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, ஒரே ஒரு தும்மல் வந்தால் என்னவாகும் என்றெல்லாம் எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. அதற்கு முன் தோன்றியதே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். தார்ச்சாலையில் கானலுக்குள் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். தலையில் மூட்டை, கையில் கேஸ் அடுப்பு. கண்ணைச் சுருக்கிப் பார்த்ததில் தெரிந்தது, எங்கள் ஊர்க் கடைசி வீட்டுப் பச்சமுத்துவும் அவன் பெண்டாட்டி அத்தாயியும். குமாரபாளையத்தில் பவர்லூம் ஓட்டப் போனவர்கள். தறி நின்றுவிட்டது போலிருக்கிறது. பஸ் ஏது? நடந்தே வந்திருக்கிறார்கள். முள் திறந்திருப்பதைப் பார்த்ததும் பச்சமுத்து துண்டை எடுத்து வீசினான். அத்தாயி மூட்டையைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். "மூடிறாதீங்க, வந்துட்டோமுங்க!" என்கிற குரல் வெயிலில் மெலிந்து வந்தது.

இவ்வளவு நேரம் மயில்சாமி அண்ணனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்திருப்பீர்கள். சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முகூர்த்த நாளில் ராசிபுரத்தில் நாமக்கல் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள். படியில் கால் வைக்க இடமில்லை. "சித்தெ உள்ள போங்க, எத்தன எடம் கெடக்குது, மனுசத்தன்மை இல்லியா" என்று கத்திக் கெஞ்சி, இடித்துப் பிடித்து ஏறிவிடுகிறீர்கள். அடுத்த ஸ்டாப்பில் பத்துப் பேர் கை காட்டுகிறார்கள். கண்டக்டரைப் பார்த்து என்ன சொன்னீர்கள்? "எடமில்ல, ரைட் போலாம்" என்றீர்களா, இல்லையா? உங்கள் குரலா, பக்கத்தில் நின்றவர் குரலா? நன்றாக யோசித்துப் பாருங்கள். இந்த இனத்துக்கு அடையாளமாக நான் சொன்ன விசில், நாற்காலி, துப்பாக்கி எல்லாம் மேல் வேஷம். அவை இல்லாமலும் ஆள் தயாராவான். முதலில் வெளியே நிற்கவேண்டும், பிறகு உள்ளே வரவேண்டும். அவ்வளவு போதும்.

அன்றைக்கு முள்ளுக்கு மிகப் பக்கத்தில் நின்றவன் நான்தான். அண்ணனும் சாலையைப் பார்த்தார். பச்சமுத்துவை அவருக்கும் அடையாளம் தெரிந்தது. அவர்களுக்கும் முள்ளுக்கும் இடையே இருந்த தூரத்தை அவர் கண் அளந்தது. பிறகு கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகள் வீடு சேர்ந்த நிம்மதியோடு என் பக்கம் திரும்பினார். அத்தனை வருஷத்தில் "கந்தவேலு" என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லி என்னை அழைக்காதவர், அன்றைக்குச் சொந்தக்காரனைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார். அதற்கப்புறம் இன்றுவரை அவர் என்னிடம் வேறெதுவும் கேட்டதில்லை. அவர் லோடும் நான் ஏற்றுவதில்லை. அன்றைக்கு அவர் கேட்டதுதான் கடைசி.

"சாமி, நீதான் உள்ள வந்துட்டியே. அவங்க வாரதுக்குள்ள அந்த முள்ளச் சித்தெ இழுத்துப் போடு."